ஆர்.எம். செய்த டிரேடும் அவர் தருகிற செக்கும்

கேள்வி: செம்பூரில் வசிக்கிறேன். ஓய்வு பெற்றபோது வந்த பி.எஃப். பணத்தில் 16 லட்சத்தை, மாட்டுங்கா கோயிலில் பழக்கமான ஒரு தம்பியை நம்பி ஷேரில் போட்டேன். பெரிய ஆன்லைன் புரோக்கர் ஒருவரின் சப்-புரோக்கர் அலுவலகத்தில் அவர் ஆர்.எம்., அதாவது வாடிக்கையாளர் கணக்கைக் கவனிக்கும் ரிலேஷன்ஷிப் மேனேஜர். ஆரம்பத்தில் போனில் கேட்டு வாங்கினார். சென்ற அக்டோபரிலிருந்து கேட்காமலே நிஃப்டி ஆப்ஷன் (நிஃப்டி குறியீட்டின் ஏற்ற இறக்கத்தை வைத்துச் செய்யும் டிரேடு) செய்திருக்கிறார். ஜனவரியில் என் லாகின், பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் வாங்கிக்கொண்டார். நஷ்டம் என்று சொல்லும்போதெல்லாம் "எப்படியாவது மீட்டுக் கொடு தம்பி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். ஆகஸ்டில் பார்த்தால் 11 லட்சம் போய்விட்டது. ஆப் அடிக்கடி தொங்கும். கஸ்டமர் கேரில் மனிதரே பேசுவதில்லை. இப்போது புரோக்கர் 1,40,000 ரூபாய் டெபிட் பேலன்ஸ் (கணக்கில் நான் தர வேண்டிய பாக்கி) கட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். தம்பியோ, "கம்பெனிக்கு எழுதாதீங்க அங்கிள், நவம்பரிலிருந்து மாதாமாதம் செக் தர்றேன், இந்தக் கடிதத்தில் ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்கிறார். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். போலீஸுக்குப் போகட்டுமா?

பதில்: முதலில், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் கோயில் பழக்கம், தொங்கிய ஆப், பதில் சொல்லாத கஸ்டமர் கேர் எதுவும் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வாங்கித் தராது. ஆப் தொங்கியதால் இந்த நஷ்டம் வரவில்லை. புகாரில் அதையும் சேர்த்தால் எதிர்த்தரப்பு அதைப் பற்றி மட்டுமே நாலு பக்கம் பதில் எழுதிவிட்டுப் போகும். சட்டப்படி உங்கள் வழக்கில் ஒரே கேள்விதான்: ஒவ்வொரு ஆர்டரையும் போட்டது யார், எந்த வழியாக?

இதை வைத்துப் பார்த்தால் உங்கள் 11 லட்சம் இரண்டாகப் பிரிகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடந்தவை டீலர் டெர்மினலில், அதாவது புரோக்கர் தரப்பின் கணினியில், போடப்பட்டவை. 2018 மார்ச் 22-ல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாமல் புரோக்கர் டிரேடு செய்யக் கூடாது. போன் பதிவு, மின்னஞ்சல், எஸ்.எம்.எஸ்., கையெழுத்திட்ட தாள், இணைய லாக் (ஆன்லைன் ஆர்டரின் பதிவு) என ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். தகராறு வந்தால் நிரூபிக்கும் பொறுப்பு புரோக்கருடையது. அந்தப் பதிவுகளைக் குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டியதும் அவரே. இந்தப் பகுதியில் நீங்கள் பலமாக நிற்கிறீர்கள்.

ஜனவரிக்குப் பிறகு நிலைமை வேறு. உங்கள் லாகினில், உங்கள் ஓடிபியோடு போன ஆர்டருக்கு லாகே ஆதாரம். "நான் போடவில்லை" என்றால், "பாஸ்வேர்டைக் கொடுத்தது யார்?" என்று கேட்பார்கள். ஒரே ஒரு வாசல் திறந்திருக்கிறது: ஒவ்வொரு ஆர்டருக்கும் டெர்மினல் எண்ணும் ஐ.பி. முகவரியும் (எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தது என்று காட்டும் எண்) பதிவாகியிருக்கும். அந்த முகவரி செம்பூரில் உங்கள் வீடா, சப்-புரோக்கர் அலுவலகமா என்று பார்க்க வேண்டும். அலுவலகம் என்றால் கதை மாறும். ஆகவே ஆர்டர் லாக், ஐ.பி. விவரம், கால் ரெக்கார்டிங், லெட்ஜர் (வரவு-செலவுக் கணக்கு) எல்லாவற்றையும் கேட்டு, எதையும் அழிக்கக் கூடாது என்றும் சேர்த்து, இந்த வாரமே புரோக்கரின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்.

இனி நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி வழக்குகளில் வாடிக்கையாளர் தோற்பது பெரும்பாலும் டிரேடால் அல்ல, அதற்குப் பிறகு அவரே எழுதியதால். அன்றன்றைய டிரேடு விவரம் தரும் காண்ட்ராக்ட் நோட் தினமும் மின்னஞ்சலுக்கு வந்திருக்கும், ஸ்டாக் எக்ஸ்சேஞ்சிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்திருக்கும். பத்து மாதம் எதற்கும் ஆட்சேபம் இல்லை. அதுவே பலவீனம். அதன்மேல் "எப்படியாவது மீட்டுக் கொடு தம்பி" என்ற செய்தி வேறு. நீங்கள் கையாலாகாமல் எழுதியதை, டிரேடு உங்களுக்குத் தெரியும், தொடரவும் சொன்னீர்கள் என்றுதான் ஆர்பிட்ரேட்டர் (தகராறைக் கேட்டு முடிவு சொல்லும் நடுவர்) முன் புரோக்கரின் வக்கீல் படிப்பார். அழித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தம்பியிடம் ஒரு பிரதி இருக்கிறது. அழித்தவர் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும். எதையும் மறைக்காமல், "முதலில் தெரியாது, தெரிந்தபின் பயந்து கெஞ்சினேன்" என்று தேதி வாரியாகச் சொல்வதே வழி. இன்றிலிருந்து அவரோடு வாட்ஸ்அப் வேண்டாம், போனும் வேண்டாம். பாஸ்வேர்டை இப்போதே மாற்றுங்கள்.

சரி, அந்தக் கடிதம். என்னிடம் வந்த இத்தகைய கடிதங்களில் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான்: "என் கணக்கில் நடந்த எல்லா டிரேடும் என் சம்மதத்தோடு நடந்தவை, கம்பெனி மீது எனக்குப் புகார் இல்லை." இதில் கையெழுத்துப் போட்ட நிமிடமே அக்டோபர்-டிசம்பர் பகுதியும் போய்விடும். பதிலுக்குக் கிடைப்பது மாதச் சம்பளக்காரர் ஒருவரின் பின்தேதியிட்ட செக். திரும்பி வந்தால் செக் பவுன்ஸ் வழக்குக்கான 138-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அலைய வேண்டும், அதுவும் அவர் மீது மட்டும். செபி விதிப்படி சப்-புரோக்கர், அதாவது ஆத்தரைஸ்டு பர்சன், தன் பெயரில் பணம் வாங்கவோ கொடுக்கவோ கூடாது. அவரும் அவர் ஊழியர்களும் செய்வதற்கெல்லாம் புரோக்கரே பொறுப்பு. பணம் உள்ள அந்தப் பொறுப்பாளியை விடுவித்துவிட்டு, பணம் இல்லாதவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது இந்தக் கடிதம்.

செக் நவம்பரில் தொடங்குவதையும் கவனியுங்கள். செபியின் இணையப் புகார் தளமான ஸ்கோர்ஸில் புகார் கொடுக்க, சம்பவம் நடந்த நாளிலிருந்து ஓராண்டுதான். முதல் செக் வருவதற்குள் அக்டோபர் டிரேடுகள் அந்தக் கெடுவைத் தாண்டிவிடும். ஆர்பிட்ரேஷனுக்கு மூன்று ஆண்டு இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது, ஆனால் தாமதமான ஒவ்வொரு மாதமும் "சும்மாதானே இருந்தார்" என்ற வாதத்துக்குத் தீனி.

"மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம்" என்று ஆரம்பத்தில் தம்பி சொல்லியிருந்தாரா? உங்கள் கடிதத்தில் இல்லை. சொல்லியிருந்தால் என்னைப் போன்ற ஒரு வக்கீலிடம் முதலில் சொல்லுங்கள். உத்தரவாத லாபத் திட்டம் தடை செய்யப்பட்டது. அதில் சேர்ந்தவருக்கு எக்ஸ்சேஞ்சின் குறைதீர்ப்பு வழி கிடைக்காது என்று தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ. திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது.

1,40,000 நோட்டீஸைப் பேசாமல் விட்டுவிடாதீர்கள். பதில் இல்லையென்றால் பாக்கியை ஒப்புக்கொண்டதாக வாதம் வரும். பயந்து பாதி கட்டினாலும் அதே கதைதான். "இந்த டிரேடுகளையே மறுக்கிறேன், ஆகவே பாக்கியையும் மறுக்கிறேன்" என்று ஒரு பத்தி போதும். நீங்கள் கேஸ் போட்டதும் புரோக்கர் இதே தொகையை வட்டியோடு எதிர்க்கோரிக்கையாக வைப்பார். 11 லட்சம் கேட்டுப் போனவர் கைப்பணம் கட்டிவிட்டு வந்த வழக்குகளை இதே மும்பையில் பார்த்திருக்கிறேன்.

அதனால் நேராகச் சொல்கிறேன்: சமரசத்துக்குப் போங்கள். ஸ்கோர்ஸில் புரோக்கர் 21 நாளில் பதில் தர வேண்டும். அது திருப்தி இல்லையென்றால் ஆன்லைனில் தகராறு தீர்க்கும் தளமான ஸ்மார்ட் ஓ.டி.ஆர். அங்கே முதல் கட்டமே கன்சிலியேஷன், அதாவது சமரசப் பேச்சு. அதைச் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். சமரசம் முறிந்து புரோக்கர் ஆர்பிட்ரேஷனுக்குப் போக விரும்பினால், ஏற்கத்தக்கது என்று கன்சிலியேட்டர் மதிப்பிட்ட தொகை முழுவதையும் முன்கூட்டியே டெபாசிட் செய்ய வேண்டும். அவருக்கும் அங்கேயே முடிப்பதில் அக்கறை உண்டு. நானாக இருந்தால் மூன்றைக் கேட்பேன்: டெபிட் பேலன்ஸ் முழுக்கத் தள்ளுபடி, அக்டோபரிலிருந்து பிடித்த புரோக்கரேஜ் (கமிஷன்) திரும்ப, டிசம்பர் வரையிலான நஷ்டத்தில் கணிசமான பங்கு. ஜனவரிக்குப் பிந்தைய பகுதியை, ஐ.பி. விவரம் உங்களுக்குச் சாதகமாக வராவிட்டால், விட்டுவிட மனத்தைத் தயார்ப்படுத்துங்கள். நாலரை லட்சம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணத் தேதி வழக்குக்காகக் காத்திருக்காது.

போலீஸுக்குப் போகும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் ஓடிபியை நீங்களே கொடுத்த விவரத்தைக் கேட்டதும் "சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். ஸ்கோர்ஸ் புகாருக்குப் பிறகு அதை யோசிக்கலாம்.

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டீர்களா? ஆப்ஷன் நஷ்டத்தை உங்கள் வியாபார நஷ்டமாகக் காட்டி அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் சென்றிருந்தால், டிரேடுகள் உங்களுடையவை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகப் புரோக்கர் தரப்பு சொல்லும். இன்னும் செய்யவில்லை என்றால், இந்தத் தகராறு இருப்பதை ஆடிட்டரிடம் சொல்லி, அவர் எப்படிக் காட்டப் போகிறார் என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள். செய்துவிட்டீர்கள் என்றால் அந்த நகலையும் வக்கீலிடம் கொடுங்கள், எதிர்த்தரப்பு அதை மேஜையில் வைப்பதற்கு முன்.