வாதமா, பித்தமா, கபமா: கேள்வி பதில்

அம்மாபேட்டையிலிருந்து: இணையத்தில் கேள்விகளுக்கு விடை தட்டினால் உடல்வாகு சொல்கிறது. போன மாசம் பித்தம், இப்போது வாதம். நான் எது?

நீங்கள் மாறவில்லை, உங்கள் விடைதான் மாறியிருக்கிறது. "தூக்கம் எப்படி?" என்று கேட்டால் இந்த வாரத்தை நினைத்துத்தானே தட்டுவோம்! எங்கள் ஆயுர்வேதத்தில் பிறவியில் அமைவது பிரகிருதி. அதிலிருந்து இன்று விலகி நிற்பது விகிருதி.

சித்திரை வெயிலில் ஒரு நெசவாளர் வந்தார். கண் எரிச்சல், வாய்ப்புண். "பித்த உடம்புங்க" என்று அவரே தீர்ப்பு சொல்லிவிட்டார். கையைப் பிடித்தால் ஜில்லென்று இருந்தது. சொரசொரத்த தோல், துருத்திய விரல் கணுக்கள், சின்ன வயதிலிருந்தே மலச்சிக்கல். வாத உடம்பில் பித்தம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். பித்த உடம்பு என்று நம்பி வருஷம் முழுக்கப் பச்சைக் காய்கறியும் குளிர்ந்த தண்ணீருமாக இருந்திருந்தால் வாதமும் கிளம்பியிருக்கும். அதனால் அந்த இணையத் தேர்வை நம்பி மருந்து வாங்காதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து: கப உடம்பு. பனிக்குச் சளி விடுவதில்லை. கொதிக்கும் தண்ணீரில் தேன் குடிக்கிறேன்.

தேனைச் சூடாக்கக் கூடாது என்கிறது ஆயுர்வேதம். வெதுவெதுப்பாக ஆறியபின் கலக்குங்கள். உங்கள் மலையில்தான் மிளகு விளைகிறதே, ரசத்தில் தாராளமாகத் தட்டிப் போடுங்கள். பகல் தூக்கம் வேண்டாம்.

ஓமலூரிலிருந்து: எடை 48 கிலோ. வாதமா?

எடையை வைத்து மட்டும் சொல்ல முடியாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கஞ்சமலைப் பக்கத்திலிருந்து: சித்தர் கோவில் ஊர்க்காரன் கேட்கிறேன். எங்கள் சித்த மருத்துவத்தின் வளி, அழல், ஐயம்தானே உங்கள் வாதம், பித்தம், கபம்?

வாங்க, இதைத்தான் எதிர்பார்த்தேன். மூன்றும் அதேதான், வயதுக் கணக்குதான் தலைகீழ். எங்களுக்குக் குழந்தைப் பருவம் கபம், நடுவயது பித்தம், முதுமை வாதம். சித்த மருத்துவத்தில் வாழ்நாளின் முதல் பங்கு வாதம், நடுப்பங்கு பித்தம், கடைசிப் பங்கு கபம்.

அவரே மறுபடியும்: அப்போ யார் தப்பு?

ஏங்க சண்டை மூட்டுகிறீர்கள்? நாங்கள் குழந்தையின் மூக்கு ஒழுகுவதையும் கொழுகொழு கன்னத்தையும் பார்க்கிறோம். நீங்கள் அது ஓரிடத்தில் நிற்காமல் ஓடுவதைப் பார்க்கிறீர்கள். கிழவருக்கு மூட்டு வறண்டு நொடிப்பது எங்களுக்குப் பெரிது, நெஞ்சுச் சளி உங்களுக்கு. என் மனம் எங்கள் பக்கம்தான். ஆனால் ராத்திரியெல்லாம் இருமும் என் மாமனாரைப் பார்த்தால் கொஞ்சம் ஆடிப்போகிறேன்.

ஆத்தூரிலிருந்து: தேர்வில் கபம் வந்தது. அதற்கென்று ஆன்லைனில் செந்தூரம் வாங்கிவிட்டேன். எத்தனை வேளை?

ஒரு வேளையும் வேண்டாம். அதில் உலோகம் இருக்கும். டப்பாவோடு மருத்துவரை நேரில் பாருங்கள். மறுபடியும் அந்தத் தேர்வா!