வேலிக் கள்ளியில் டிராகன் பழம் ஒட்டலாமா?

கேள்வி: எங்கள் வளவு வேலியில் சதுரக்கள்ளி செழித்து நிற்கிறது. டிராகன் பழமும் கள்ளியும் ஒரே குடும்பம், இதிலேயே ஒட்டித் தருகிறேன் என்று கன்று விற்க வந்தவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: கொடுக்காதீர்கள். இரண்டும் ஒரே குடும்பமில்லை, ஒட்டுப் பிடிக்காது.

இலையில்லாத தண்டு, முள், சதைப்பற்று இரண்டுக்கும் உண்டுதான். அது வறட்சி செய்த வேலை. டிராகன் பழத்தின் குடும்பம் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது. உங்கள் சதுரக்கள்ளிக்கு ஆமணக்கும் மரவள்ளியும்தான் சொந்தம். தண்ணீரைச் சேமித்தே ஆக வேண்டிய இடங்களில் இரண்டும் தனித்தனியே ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தன.

அதனால் எத்தனை ஒற்றுமை என்று உயிரியலாளர் எண்ணுவதில்லை. எந்த ஒற்றுமை பொது மூதாதையிடமிருந்து வந்தது என்று பார்ப்பார்கள். பூவும் விதையும் ஏராளமான செடிகளுக்கு இருப்பதால் இங்கே உதவாது. ஒரு வம்சக் கிளையில் மட்டும் புதிதாக வந்து தங்கிய அடையாளம் வேண்டும். டிராகன் பழத்தின் சிவப்பு அப்படிப்பட்டது. பீட்டாலெயின் என்ற அந்தச் சாயவகை பீற்றூட், சிவப்பு முளைக்கீரை, போகன்வில்லா, பத்துமணிப் பூ எல்லாவற்றிலும் உண்டு. இவை ஒரே பெருங்கிளை. சதுரக்கள்ளியின் காயைப் பிடுங்கிப் பாருங்கள், ஆமணக்குக் காய் போல மூன்று அறை.

தண்டைக் கீறினால் பால் வருகிறதே, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாமா என்றால், அவசரப்படாதீர்கள். எருக்கிலும் பால் வரும். எருக்கு கள்ளிக்குச் சொந்தமில்லை, அது அலரியின் குடும்பம். பால் பல கிளைகளில் தனித்தனியே தோன்றியிருக்கிறது. ஆகவே பாலை மட்டும் நம்பாமல், காயையும் பூவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மரபணுவை வைத்துப் பார்ப்பதும் இதே கணக்குத்தான், ஒப்பிட வேண்டிய டி.என்.ஏ. எழுத்துகள் மட்டும் அதிகம். 1993இல் தாவரவியலாளர் மார்க் சேஸ் உட்பட 42 பேர் ஒரே மரபணுவை 499 விதைத்தாவர இனங்களில் ஒப்பிட்டுக் கிளைமரம் வரைந்தார்கள். பிறகு பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்தபோதும் உங்கள் இரண்டு செடிகளும் வேறு வேறு கிளையில்தான் நின்றன.

சரி, வியாபாரிக்கு வருவோம். வெட்டிய தண்டுக்குள் தண்ணீர் இருப்பதால் ஒட்டு சில கிழமைக்குப் பச்சையாகவே நிற்கும். அது வாடத் தொடங்கும்போது ஆள் அடுத்த ஊரில் இருப்பார். டி.என்.ஏ. சான்றிதழ் என்று தாள் காட்டினாலும் மயங்காதீர்கள். கன்று விற்பவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பிள்ளைகள் உயர்தரத்தில் வகைப்பாட்டை மனப்பாடம் செய்து புள்ளி எடுக்கிறார்கள், வாசலில் நிற்கும் ஆளிடம் “இதன் காய் எப்படி?” என்று கேட்கப் பழக்குவதற்குப் பாடத்திட்டத்தில் நேரமில்லையாம்!

டிராகன் பழத்துக்கு ஒட்டே தேவையில்லை. முற்றிய தண்டுத் துண்டைச் சில நாள் நிழலில் காயவிட்டு, நீர் தேங்காத மண்ணில் கொங்கிறீற் தூண் அருகே நடுங்கள். அப்புறம், கள்ளியை யாராவது ஏற்கெனவே கீறியிருந்தால் அந்தப் பால் கண்ணில் படவிடாதீர்கள். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவி, உடனே வைத்தியரிடம் போங்கள்.