லாரி டயர்: நிறுவனத்தின் பெயரா, வாரண்டி ஆண்டுகளா?

கேள்வி: சொந்தமாக ஒரு லாரி வைத்து, நாமக்கல்லிலிருந்து நாக்பூர் வரை நானே ஓட்டி வருகிறேன். பின் அச்சுக்கு நான்கு டயர்கள் மாற்ற வேண்டியுள்ளது. பெயர் பெற்ற நிறுவனத்தின் ரேடியல் டயருக்கும் அதிகம் அறியப்படாத நிறுவனத்தின் டயருக்கும் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வருகிறது. ஆனால் விலை குறைந்த டயருக்குத்தான் அதிக ஆண்டுகள் வாரண்டி தருவதாகச் சொல்கிறார்கள். எதை நம்பி வாங்குவது?

பதில்: அட்டையில் எழுதியிருக்கும் ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். டயருக்கான வாரண்டி பொதுவாகத் தயாரிப்புக் குறைக்கு மட்டுமே உரியது. பஞ்சர், கல் வெட்டு, காற்றுக் குறைவு, அதிக பாரம், அலைன்மென்ட் கோளாறால் ஒரு பக்கம் மட்டும் தேய்வது ஆகியவை அதில் சேராது. குறை உறுதியானாலும் தேய்ந்த பட்டனுக்கு (சாலையைத் தொடும் மேல் ரப்பர்) உரிய தொகையைக் கழித்துக்கொண்டுதான் ஈடு தருவார்கள். புதிதாக இருந்தபோது 16 மி.மீ. ஆழம் இருந்த பட்டன் 12 மி.மீ. ஆகிவிட்டால், ஏறத்தாழ முக்கால் பங்கு மதிப்பே மிஞ்சும். நாக்பூர் வரை ஓயாமல் ஓடும் வண்டியில் வாரண்டி முடிவதற்கு வெகு முன்பே பட்டன் தீர்ந்துவிடும் என்பதால், கூடுதலாக எழுதித் தரும் ஆண்டுகள் உங்களைப் பொறுத்தவரை ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஆகவே, எத்தனை ஆண்டு என்பதைவிட, கிளெய்ம் வந்தால் டயரை யார், எங்கே, எத்தனை நாளில் பார்ப்பார்கள் என்பதையே முதலில் கேளுங்கள். நிறுவனத்தின் ஆய்வாளர் கேஜ் வைத்துப் பட்டனின் ஆழத்தைப் பல இடங்களில் அளப்பார். பிறகு டயரின் உட்புறத்தைப் பார்ப்பார். அங்கே பக்கச் சுவரை ஒட்டி வளையமாக மடிப்புத் தழும்பு ஓடினால், காற்றில்லாமல் ஓடிய டயர் என்று கிளெய்மைத் தள்ளிவிடுவார். காற்று பார்த்த தேதியையும் அளவையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எதிர்வாதம் செய்ய அது உதவும். நாமக்கல்லில் வாங்கிய டயரை ஐதராபாத்திலோ நாக்பூரிலோ உள்ள டீலரிடம் கொடுத்துக் கிளெய்ம் போட முடியுமா என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பரவலான டீலர்களைக் கொண்ட பெரிய நிறுவனத்துக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி இதற்காகத்தான்.

இன்னொரு பகுதி கேசிங்குக்கு, அதாவது பட்டனுக்கு அடியிலுள்ள டயரின் உடலுக்கு. பட்டன் தேய்ந்தபின் ரீட்ரேடிங் செய்து, அதாவது அதே கேசிங்கில் புதுப் பட்டன் ஒட்டி, மீண்டும் ஓட்டும்போதுதான் லாரி டயரின் உண்மையான கிலோமீட்டர் செலவு தெரியும். ஒரு முறைகூட ரீட்ரேடிங் தாங்காத மலிவு டயர், இரண்டு முறை தாங்கும் விலை கூடிய டயரைவிட அதிகச் செலவு வைக்கும். எந்த நிறுவனத்தின் எந்த ரகத்துக்குக் கேசிங் நிற்கிறது என்பதை விளம்பரத்தில் தேட வேண்டியதில்லை. உங்கள் ஊர் ரீட்ரேடிங் பட்டறைகளில் கேளுங்கள். எல்லா நிறுவனங்களின் தேய்ந்த டயர்களும் தினமும் அவர்கள் கைக்கு வருகின்றன. ஒரே நிறுவனத்திலும் ரகத்துக்கு ரகம் தரம் மாறும் என்பதால், பெயரை மட்டும் கேட்டுத் திரும்பிவிடாமல் ரகத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

வாங்கும்போது பக்கச் சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்புத் தேதியைக் குறிக்கும் நான்கு இலக்கங்களையும் படியுங்கள். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். ஜி.எஸ்.டி. பில்லில் ஒவ்வொரு டயரின் வரிசை எண்ணும் வண்டி எண்ணும் இடம்பெறட்டும். இவை இல்லாவிட்டால் கிளெய்ம் தொடக்கத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

கிளெய்ம் நியாயமின்றி மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டயரையும் வெட்டவோ விற்கவோ விடாதீர்கள். வணிகத்துக்கு வாங்கிய பொருள் என்று சொல்லி உங்களைத் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்துபவரை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. வண்டியை நீங்களே ஓட்டுவதால் அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தும். முழுக்க வேறு ஓட்டுநரை வைத்தே ஓட்டுபவருக்கு இந்த வாதம் எளிதில் நிற்காது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அங்கே தீரவில்லையென்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம், ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை.