ஊர்ப் பள்ளியும் ஊரார் வாக்கும்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் வசிக்கும் என் மகள், தங்கள் பள்ளி மாவட்டத்தைப் பக்கத்து மாவட்டத்தோடு இணைக்கப் போவதாகவும், அதனால் ஊரே இரண்டுபட்டுக் கிடப்பதாகவும் சொல்கிறாள். பள்ளியை மூடவில்லை, நிர்வாகம் மட்டுமே ஒன்றாகிறது என்கிறார்களாம். அதற்கு ஏன் இத்தனை கொந்தளிப்பு?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அங்கே பள்ளி மாவட்டம் என்பது நம் வருவாய் மாவட்டத்தைப் போன்றதன்று, பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த தனி உள்ளாட்சி அமைப்பு. பெரும்பாலும் அதன் வாரியத்தை ஊர் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரை நியமிப்பது, வரவு செலவுத் திட்டம் வகுப்பது, எந்தப் பள்ளி தொடர வேண்டும், எது மூடப்பட வேண்டும் என்று முடிவு செய்வது எல்லாம் அந்த வாரியத்தின் பொறுப்பு. பணத்தில் கணிசமான பங்கு ஊராரின் சொத்து வரியிலிருந்தே வருகிறது. ஆகவே, ‘நிர்வாகம் மட்டும்’ என்பது சிறிய சொல் அன்று. இணைந்த வாரியத்தில் பெரிய ஊருக்கே இடங்கள் மிகுதியாக இருந்தால், இன்று மூடப்படாத பள்ளியை நாளை மூடுவதற்குச் சிற்றூரின் சம்மதம் தேவைப்படாது.

1939-40இல் அந்நாட்டில் 1,17,000க்கு மேல் இருந்த பள்ளி மாவட்டங்கள் இன்று ஏறத்தாழ 13,000ஆகச் சுருங்கிவிட்டன. சாலையும் பள்ளிப் பேருந்தும் வந்த பிறகு, ஓராசிரியர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடமும் பாடத்துக்கொரு ஆசிரியரும் கிடைத்தார்கள் என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் ஆர்கன்சா மாநிலத்தில் நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. லேக் வியூ என்ற, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் சிற்றூரின் பள்ளி மாவட்டம், ஏழை ஊர்ப் பள்ளிகளுக்கு மாநிலம் நியாயமாக நிதி தரவில்லை என்று 1992இல் வழக்குத் தொடுத்தது. பத்தாண்டு கழித்து, 2002இல், மாநில உச்ச நீதிமன்றம் அந்த நிதி முறை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அரசு கூடுதல் நிதிக்கு வழி செய்ததோடு, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் 350 மாணவர்களுக்குக் குறைவாக உள்ள மாவட்டங்கள் வேறொன்றோடு இணைய வேண்டும் என்றும் சட்டம் இயற்றியது. ஆளுநர் மைக் ஹக்கபி கேட்ட வரம்பு 1,500. சட்டமன்றம் 350க்கே இணங்கியது. 2004இல் அந்தச் சட்டத்தின்படியே லேக் வியூ, பார்ட்டன்-லெக்சா மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. நீதி கேட்டு வென்ற ஊர், அந்த வெற்றியின் தொடர்ச்சியாகவே தன் வாரியத்தை இழந்தது.

கேள்வி: அப்படியானால் இணைப்பே கூடாதா? செலவு மிச்சமாகும் என்கிறார்களே?

பதில்: மிகச் சிறிய மாவட்டங்கள் இணையும்போது ஓரளவு மிச்சமாகும். இரண்டு கண்காணிப்பாளருக்கு ஒருவர் போதும். ஆனால் பேருந்துத் தூரம் கூடும். இரு மாவட்ட ஆசிரியர்களின் ஊதியத்தையும் சமப்படுத்தும்போது பெரும்பாலும் உயர்ந்த அளவுக்கே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

பணத்தைப் பகிர்வதும் அதிகாரத்தைக் குவிப்பதும் ஒன்றல்ல என்பதே என் கருத்து. வெர்மாண்ட் மாநிலம், பணக்கார ஊர்ப் பிள்ளைக்கும் ஏழை ஊர்ப் பிள்ளைக்கும் சமவாய்ப்பு வேண்டும் என்ற நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து, 1997இல் கல்விக்கான சொத்து வரியை மாநிலம் முழுவதற்கும் பொதுவாக்கியது. அதன் பிறகும் பள்ளி வரவு செலவுத் திட்டத்துக்கு ஊராரின் வாக்கு தொடர்ந்தது. 2015இன் சட்டம் 900 மாணவர்களாவது உள்ள மாவட்டங்களை நாடியது. 2018இல் மாநிலக் கல்வி வாரியம், தாமாக இணையாத பல மாவட்டங்களை இணைக்க ஆணையிட்டது. 2025இன் சட்டமோ 4,000 என்ற அளவை முன்வைக்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை அங்கே குறைந்து வருவது உண்மைதான் என்றாலும், இந்த வேகம் எனக்குக் கவலை தருகிறது.

உங்கள் மகள் வாக்களிக்கும் முன் இணைப்பு ஒப்பந்தத்தை முழுவதும் படிக்கட்டும். வாரியத்தில் தங்கள் ஊருக்கு எத்தனை இடங்கள், பழைய கட்டடக் கடனை யார் சுமப்பது என்று பார்க்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊராரின் தனி வாக்கெடுப்பு இல்லாமல் பள்ளியை மூட முடியாது என்ற விதி இருக்கிறதா, அது எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதைக் கேட்டு எழுத்தில் பெறட்டும்.