அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீங்க

ஒரே வருஷத்துல அப்பாவுக்கு ரெண்டு தடவை மூச்சுத்திணறி அட்மிஷன், லாசிக்ஸ் (நீர் பிரியுற மாத்திரை) கூட்டியும் கால் வீக்கம் வடியல, பிரஷரோட மேல் அளவு 90-க்குக் கீழே இறங்குறதால மத்த மாத்திரையைக் குறைச்சாங்க, அடுத்த செக்கப் மூணு மாசம் கழிச்சுன்னு எழுதியிருக்கீங்க. தம்பி, அதுவரை பொறுக்க வேண்டாம். இந்த மூணுமே இதயச் செயலிழப்பு முத்திக்கிட்டு வர்றதுக்கான அடையாளம். கிட்னியும் ஈரலும் கெட்ட பிறகு போனா, மாற்று இதயமோ இதயத்துக்குத் துணையா ரத்தத்தைத் தள்ளுற பம்ப் கருவியோ வைக்கவே முடியாம போகலாம். அதான் இப்பவே போகச் சொல்றேன்.

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா இதய ஆஸ்பத்திரி பக்கம்தானே. இப்பப் பார்க்குற டாக்டர்கிட்டயே ரெஃபரல் லெட்டர் கேளுங்க, கோவிச்சுக்குவாரோன்னு தயங்காதீங்க. எக்கோ (இதய ஸ்கேன்), டிஸ்சார்ஜ் சம்மரி, கிட்னிக்கான கிரியேட்டினின் ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. நடுவுல படுக்க முடியாம மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ, பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு உடனே கூட்டிட்டுப் போயிடுங்க.