செயலாராய்ச்சிக்குப் பிரச்சினையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

டயட்டில் (மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம்) செயலாராய்ச்சி செய்யச் சொல்லியிருக்கிறார்கள், அதாவது நம் வேலையில் வரும் ஒரு சிக்கலை நாமே ஆராய்ந்து சரிசெய்து பார்ப்பது; தலைப்பு அமையவில்லை என்கிறீர்கள். அநேகமாக முன்மொழிவு கொடுக்க நாலு நாள்தான் பாக்கி இருக்கும். யாரோ போன வருடத்து அறிக்கையை வாட்ஸப்பில் அனுப்பியிருப்பார்கள். வகுப்பை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். குத்திக் காட்டவில்லை, நானும் அப்படி இருந்தவள்தான்.

அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். முதலில் எழுதிக் கொடுத்த தலைப்பு: 'கிராமப்புற மாணவர்களின் கணிதத் திறனில் பெற்றோரின் கல்வியறிவின்மையின் தாக்கம்'. கம்பீரமாக இருந்தது. படித்துப் பார்த்த ஆசிரியர் பயிற்றுநர், "நாளைக்கு முதல் பீரியட்ல இதுல எதை டீச்சர் மாத்துவீங்க?" என்றார். வாயடைத்துப் போனேன். நியாயமான கேள்விதான், ஆனால் அன்று ராத்திரி வரை அவர் மேல் கோபம் தணியவில்லை.

மறுநாள் ஆறாம் வகுப்புக்கு ஐந்து கழித்தல் கணக்கு போட்டேன். அதில் ஒன்று 503 − 267. இருந்த 22 பேரில் 9 பேரின் விடை 364. "காப்பியா அடிச்சீங்க?" என்று ஒன்பது பேரையும் நிற்க வைத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அப்புறம்தான் உறைத்தது, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்த பிள்ளைகள். மேலே கீழே பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறார்கள்: 7இல் 3 போக 4, 6இல் 0 போக 6, 5இல் 2 போக 3. இன்னொரு 5 பேரின் விடை 246. நடுவிலிருந்த பூஜ்யத்தை 10 ஆக்கத் தெரிந்திருக்கிறது, அதிலிருந்து ஒன்று கைமாறிப் போனதை மறந்துவிட்டார்கள்.

பூஜ்யம் வராத மற்ற கணக்குகளில் அந்த ஒன்பதில் ஆறு பேர் ஒழுங்காகவே கடன் வாங்கியிருந்தார்கள். ஒரு பையனைக் கூப்பிட்டு இதில் மட்டும் ஏன்டா வாங்கவில்லை என்றேன். "பக்கத்து வீட்லயே ஒண்ணுமில்லயே டீச்சர், அவங்ககிட்ட எப்படிக் கேக்குறது?" என்றான். 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்!

தலைப்பு அங்கேதான் கிடைத்தது: இடையில் பூஜ்யம் வரும் மூவிலக்க எண்களில் இனமாற்றத்துடன் (நாம் 'கடன் வாங்குவது' என்பதுதான்) கழித்தல். கடனை விட்டுவிட்டுச் சில்லறைக்கு மாறினேன். காகித நோட்டு செய்து 503 ரூபாயை நாலு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒற்றை ரூபாயாக மாற்ற வைத்தேன். கடைக்குப் போகிற பிள்ளைகள், சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். மூன்று வாரத்தில், தப்பாகப் போட்ட அந்த 14 பேரில் 11 பேர் தேறினார்கள்.

22 பிள்ளைகளை வைத்து என்ன ஆராய்ச்சி என்று முனைவர் பட்டக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 1953இலேயே ஸ்டீபன் கோரி என்ற அமெரிக்கக் கல்வியாளர், பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே சோதித்துத் திருத்திக்கொள்வதற்குத்தான் செயலாராய்ச்சி என்று விளக்கிவிட்டார். ஊருக்கெல்லாம் பொருந்தும் விதி எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

நீங்கள் தலைமையாசிரியர் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். எங்கள் ஹெச்.எம். எடுத்துக்கொண்டது தாமத வருகை. டவுன் பஸ்ஸே 9.25க்குத்தான் வரும், அதை அவரால் மாற்ற முடியாது. ஆனால் அந்தப் பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்குத் தினமும் பறிபோனது முதல் பீரியட் கணக்கு. கால அட்டவணை அவர் கையில் இருந்தது, மாற்றினார். நான் ஆசைப்பட்டாலும் அது என்னால் முடியாது.

நோட்டை இப்படி உட்கார்ந்து பார்க்க நேரம் எங்கே என்பீர்கள். அதுதான் எனக்கும் எரிச்சல். செருப்பு அளவு வரைக்கும் செயலியில் ஏற்றச் சொல்கிறார்கள். எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி பக்கம் மட்டும்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் பாதி அங்கேயே போகிறது.

அறிக்கை 18 பக்கம்தான் வந்தது. 40 பக்கமாவது வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். 22 விடைத்தாளையும் ஜெராக்ஸ் எடுத்துப் பின்னிணைப்பாகக் கோத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். ஜெராக்ஸ் செலவு கைக்காசு.