ஒரு டயர் கிழிந்தால் எத்தனை வாங்க வேண்டும், எங்கே மாட்ட வேண்டும்?

கேள்வி: முன்சக்கரம் இழுக்கும் சின்ன கார் வைத்திருக்கிறேன், டயர் 185/65 ஆர்15 88எச். பின்பக்க இடது டயர் கல்லில் உரசி சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) கிழிந்துவிட்டது. மற்ற மூன்றும் 40,000 கிலோமீட்டர் ஓடியவை, டயர் மேலுள்ள பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது. அதே மாடல் இப்போது வருவதில்லையாம். கடைக்காரர், "சைஸ் ஒன்றாக இருந்தால் போதும், எந்தக் கம்பெனியும் போடலாம், புது டயரை முன்னாடி மாட்டிக்கொள்ளுங்கள்" என்கிறார். வண்டியோடு வந்த ஸ்டெப்னியும் அதே மாடல்தான், ஏழு வருடமாக இறக்கவே இல்லை. அதையே மாட்டிவிடலாமா?

பதில்: ஒன்று வாங்காதீர்கள், இரண்டாக வாங்குங்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். அந்த இரண்டும் பின்னால் போக வேண்டும், முன்னால் அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் பழைய டயர்களில் நல்ல இரண்டை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலும் பின்னாலும் வேறு வேறு கம்பெனி என்பது நான்கும் ஒன்றாக இருப்பதற்கு ஈடாகாதுதான், ஆனால் ரேடியலோடு (உள் இழைகள் குறுக்கே ஓடும் வகை) ரேடியல், கோடைக்கால டயரோடு கோடைக்கால டயர் என்று வகை பொருந்தினால் அதில் பெரிய ஆபத்து இல்லை. ஒரே ஆக்ஸிலில், அதாவது முன் ஜோடியிலோ பின் ஜோடியிலோ, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் வேறொன்று என்பதைத்தான் கூடாது என்கிறேன்.

ஏன் என்றால், சைடுவாலில் அச்சடித்த எண் ஒன்றாக இருப்பதால் டயர் ஒன்றாகிவிடாது. ரப்பர் கலவை வேறு, உள்ளே இருக்கும் பெல்ட்டின் கட்டமைப்பு வேறு, தண்ணீரை வெளியே தள்ளும் பள்ளத்தின் அமைப்பு வேறு, நிஜ அகலம்கூட கம்பெனிக்குக் கம்பெனி சில மில்லிமீட்டர் மாறும். காய்ந்த சாலையில் நிதானமாகப் போகும்போது இதெல்லாம் தெரியவே தெரியாது, அதனால்தான் "நான் வருடக்கணக்கில் இப்படித்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் சொல்கிறார்கள். மழையில் அவசரமாக பிரேக்கை மிதிக்கும் அந்த ஒரு நாளில் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கினால், வண்டி பிடிக்கிற பக்கமாகத் திரும்பப் பார்க்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று நினைக்கலாம். பல கார்களில் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் சேர்த்து, எது குறைவாகப் பிடிக்கிறதோ அந்தச் சக்கரத்தின் அளவுக்குத்தான் ஏபிஎஸ் பிரேக்கை விட்டுக்கொடுக்கும். அதாவது ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் போட்ட டயரின் பிடிப்பில் ஒரு பகுதி வீணாகத்தான் போகும்.

அப்புறம், தேய்மானம். இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். உங்கள் டயர் புதிதாக இருக்கும்போது விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர், பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர். இப்போது 4 என்றால் விட்டம் 8 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது, ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் பழைய டயர் புதியதைவிட ஆறேழு சுற்று கூடுதலாகச் சுற்றுகிறது. ஒரு பக்கம் 185/65, மறுபக்கம் 195/65 என்று சைஸே மாற்றிப் போட்டால் பத்து சுற்று வித்தியாசம் வரும். அதை எல்லோரும் தப்பு என்று ஒப்புக்கொள்வார்கள், ஆனால் புதியதையும் தேய்ந்ததையும் ஜோடி சேர்ப்பது அதில் பாதிக்கு மேல் போய்விடுகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. இந்த ஜோடி முன்சக்கரத்தில் அமைந்தால் இரு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் நேர்ச்சாலையில்கூட ஓய்வில்லாமல் வேலை செய்யும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கவும் வாய்ப்புண்டு. வீல் அலைன்மென்டை இரண்டு மூன்று முறை பார்த்தும் இழுப்பு நிற்கவில்லை என்று வந்த வண்டிகளில் கடைசியில் ஜோடி சேராத டயர்தான் காரணம் என்று நான் கண்டுபிடித்தது ஒன்றிரண்டு தடவை இல்லை.

சரி, புதியதை ஏன் பின்னால்? கடைக்காரர் சொல்வது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது: முன்சக்கரம்தான் இழுக்கிறது, திருப்புகிறது, பெரும்பாலான பிரேக்கையும் அதுதான் பிடிக்கிறது, அப்போது நல்ல டயர் அங்கேதானே இருக்க வேண்டும்? ஆனால் தேங்கிய தண்ணீரில் வேகமாக வளைகிறீர்கள் என்று வையுங்கள். முன் டயர் பிடி இழந்தால் ஸ்டியரிங் லேசாகிவிடும், வண்டி நேராகப் போகப் பார்க்கும். நீங்கள் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பீர்கள், வேகம் குறையும், பிடி திரும்ப வரும். பயத்தில் நாம் செய்வதே அங்கே சரியான காரியமாக இருக்கிறது. பின் டயர் பிடி இழந்தால் கதை தலைகீழ். பின்பக்கம் வெளியே வீசும், நீங்கள் அதே பயத்தில் காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் இன்னும் லேசாகும், வண்டி சுழன்றுவிடும். அதை ஸ்டியரிங்கால் மீட்பதற்குப் பயிற்சி வேண்டும், அந்தப் பயிற்சி நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது. மிஷலின், பிரிட்ஜ்ஸ்டோன் போன்ற டயர் கம்பெனிகளே இரண்டு மட்டும் மாற்றினால் புதியவை பின்னால்தான் என்று சொல்கின்றன, முன்சக்கர இழுவை வண்டிக்கும் அதே பதில். முன் டயர்கள் 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் அவற்றைக் கழற்றிவிட்டு பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவாருங்கள், அடுத்த புது ஜோடி மறுபடி பின்னால். 1.6 மில்லிமீட்டர்தான் பல நாடுகளில் சட்டப்படி கடைசி எல்லை என்றாலும் ஈரச் சாலையில் அதுவரை காத்திருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வாங்கும்போது 88எச் என்பதையும் பார்த்து வாங்குங்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. இதற்கு மேலே போகலாம், கீழே இறங்கக் கூடாது. விலை குறைகிறது என்று 84 எண் டயர் கொடுத்தால் அது 500 கிலோவுக்குத்தான், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் மேலே சொன்னது போதாது. அங்கே முன்னும் பின்னும் சுற்றளவு மாறினால் நடுவில் அவற்றை இணைக்கும் கிளட்ச் அல்லது கப்ளிங் சூடேறித் தேய்ந்துபோகும், சுபாரு கார் கம்பெனி நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. தேய்மானக் கணக்கில் அது வெறும் 1 மில்லிமீட்டர், ஆகவே பெரும்பாலும் நான்கையும் மாற்ற வேண்டியதாகிவிடும். பனிக்கால டயரும் அப்படித்தான், போட்டால் நான்கிலும் போட வேண்டும். முன்னால் மட்டும் போட்டால் பின்பக்கம் வீசும் அதே பிரச்சினை.

உங்கள் ஸ்டெப்னிக்கு வருவோம். புது டயர் வரும்வரை, கடைக்குப் போய்வர, மெதுவாக ஓட்டிக்கொள்ளுங்கள், மாட்டுவதற்கு முன் காற்று பாருங்கள். நிரந்தரமாக வேண்டாம்: 8 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் 4 என்ற அதே சிக்கல் ஒன்று, வயது இன்னொன்று. ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் இருக்கும். சைடுவாலில் டாட் என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள், 2318 என்று இருந்தால் 2018ஆம் ஆண்டு 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். புது டயர் வாங்கும்போதும் இதைப் படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மூன்று பழைய டயர்களில் முன்னால் போன இரண்டு போக மிச்சம் ஒன்று இருக்கும். அதில் வெடிப்போ வீக்கமோ இல்லையென்றால், வயதும் ஸ்டெப்னியைவிடக் குறைவென்றால், ஸ்டெப்னி ரிம்மில் அதை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.